வெளிநாட்டு நம்பர்

நான் முதன்முதலில் நம்பர் மாற்றி எழுதியது ஒரு வேனுக்கு. தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீர் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்களைத் தேடித்தேடி அடித்த நாட்கள். ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் ஒருவர் ஓசூரிலிருந்து தக்காளி ஏற்றிவர ஒரு பழைய வேன் வைத்திருந்தார். தமிழ்நாட்டு நம்பர். தெருவில் நின்றால் கொளுத்திவிடுவார்கள். நான் அப்போது சைன்போர்டு எழுதும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கன்னட எழுத்து எனக்கு நன்றாக வரும். கதவைச் சாத்திக்கொண்டு, நம்பர் பிளேட்டைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, தமிழ்நாட்டு எழுத்தை டர்பன்டைன் போட்டுத் துடைத்துவிட்டு, மனதில் தோன்றிய ஒரு கர்நாடக நம்பரை எழுதினேன். அவசரத்தில் ஓர் எழுத்து கோணலாகப் போனது. வேன் தப்பியது. அடுத்த மாதம் போக்குவரத்துப் போலீஸ் அதே வேனைப் பிடித்து, பொய் நம்பர் என்று அவரை ஒரு நாள் உட்கார வைத்தது. எங்களைப் போன்றவர்கள் நம்பர் மாற்றினால் அது குற்றம். அதைச் சொல்லத்தான் இந்த வேன் கதையில் தொடங்கினேன்.

அந்தக் கையெழுத்துதான் எனக்கு விமான நிலையத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது. தனியார் விமான நிறுவனங்கள் புற்றீசல் மாதிரி கிளம்பிய நேரம் அது. அரசாங்கம் அனுமதி கொடுத்ததுதான் தாமதம், கோழிப்பண்ணை வைத்திருந்தவன்கூட விமானம் விடக் கிளம்பினான். அப்படி ஒரு நிறுவனத்தில் எனக்குப் பெயின்டர் வேலை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது, மூடி அத்தனை காலம் ஆகிவிட்டது. மூன்று விமானங்கள். மூன்றுமே வாடகை. இரண்டுக்கு இந்திய எழுத்து. மூன்றாவது வந்தபோது அதன் பின்பக்கத்தில் வேறு ஏதோ நாட்டு எழுத்து இருந்தது.

விமானத்துக்கும் நம்பர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எண் கிடையாது, பெரும்பாலும் எழுத்துகள்தான். முதலில் நாட்டைக் குறிக்கும் எழுத்து, பிறகு ஒரு கோடு, பிறகு அந்த விமானத்துக்கான எழுத்துகள். வால் பக்கத்தில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக எழுதியிருக்கும். தளத்தில் வேலை செய்கிற யாரும் முழுவதையும் சொல்வதில்லை. கடைசி இரண்டு எழுத்துதான் அதற்குப் பெயர். அந்த வெளிநாட்டு விமானத்தின் கடைசி எழுத்துகள் எஸ்.பி. மூட்டை ஏற்றுகிற ஆட்கள் அதைப் பார்த்ததும் "எஸ்.பி. வந்துட்டாரு, பீடியை அணைங்கடா" என்பார்கள். தினமும் இதே ஜோக். தினமும் சிரிப்பார்கள்.

எனக்கு அந்த எழுத்து உறுத்தியது. இந்தியாவில் ஓடுகிற விமானம், பெங்களூரிலிருந்து பம்பாய்க்கும் டில்லிக்கும் போகிற விமானம், எதற்கு எவன் நாட்டு எழுத்தையோ போட்டுக்கொண்டு ஓடவேண்டும்? விமானத்தை நிறுத்தி வேலை பார்க்கும் எங்கள் கொட்டகைக்குப் பொறுப்பான இன்ஜினியர் சேலத்துக்காரர். நல்ல மனிதர், பயந்த மனிதர். ஒருநாள் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"நம்ம ஊர்ல பணக்காரன் காரைப் பார்த்திருக்கல்ல? எத்தனை பேர் பாண்டிச்சேரி நம்பர் வெச்சிருக்கான்? அவன் என்ன பாண்டிச்சேரிலயா குடியிருக்கான்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"வரி கம்மி சார்."

"அது ஒண்ணு. ஆனா அது சின்ன விஷயம்ப்பா. பெரிய விஷயம் பயம்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். விமானம் நம் கம்பெனிக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரன் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு வாடகைக் கம்பெனி. அவனுக்குக் கடன் கொடுத்த வங்கி இன்னொரு நாட்டில். நம் கம்பெனி நாளைக்கே படுத்துவிட்டால் அவன் விமானத்தைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இந்திய நம்பர் என்றால் இந்தப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும், அதற்கு நம் கோர்ட்டுக்கு வரவேண்டும், நம் கோர்ட்டில் வழக்கு முடிவதற்குள் விமானம் துருப்பிடித்துவிடும். தன் நம்பிக்கைக்குரிய நாட்டின் நம்பர் என்றால் ஒரு கடிதம் போதும். பைலட் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இன்னொன்று, விமானத்தின் நம்பர் எந்த நாடோ அந்த நாட்டு லைசென்ஸ்தான் பைலட்டுக்கும் வேண்டும். வெளிநாட்டுப் பைலட்டுகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தால் நம்பரை மாற்றாமல் விடுவதே சுலபம். பல நாடுகளில் விமானம் ஓட்டுகிற பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கம்பெனி வைத்திருக்கின்றன, ஏனென்றால் பல நாடுகள் உள்ளூர் சர்வீஸுக்கு உள்ளூர்க் கம்பெனி, உள்ளூர் நம்பர் கேட்கின்றன, நம் நாடு அப்போது நம்பர் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. அதனால் ஒரே விமானம் இந்த வருடம் ஒரு நாட்டு எழுத்து, அடுத்த வருடம் வேறு நாட்டு எழுத்து என்று மாற்றிக்கொண்டே இருக்கும்.

"அப்ப இது ரிப்பேராச்சுன்னா யாரு சார் கேட்பா?" என்றேன்.

"எந்த நாட்டு நம்பரோ அந்த நாட்டு அதிகாரிதான் பொறுப்பு. வருஷத்துக்கு ஒருதடவை, ரெண்டுதடவை வந்து பார்ப்பான்."

நான் சிரித்தேன். எனக்கு அது தமாஷாக இருந்தது. ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து, இங்கேயே ரேஷன் கார்டு வாங்கி, இங்கேயே ஓட்டுப் போட்ட என் அப்பாவை தொண்ணூற்றொன்றில் நடுரோட்டில் நிறுத்தி நீ எந்த ஊர் என்று கேட்டார்கள். அவரால் ஒரு ஊரை நிரூபிக்க முடியவில்லை. இந்தத் தகர டப்பாவுக்கு மூன்று நாடு.

இப்போது என் அக்கா புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். அதே விமானங்களில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. நான்தான் சேர்த்துவிட்டேன். கம்பெனி ஆள் இல்லை, ஒரு காண்டிராக்டரின் ஆள். வாட்டசாட்டமானவர். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். மறைக்க மாட்டேன். வேலை நாளில் தொடமாட்டார். அது அக்காவிடம் கொடுத்த வாக்கு இல்லை. குடித்துவிட்டு மூட்டை தூக்கினால் இடுப்பு போய்விடும் என்று அவருக்கே ஒரு பயம்.

எஸ்.பி.யின் அடிவயிற்றில் மூட்டை வைக்கிற அறைக்கு ஒரு கதவு. மேலே கீல். உள்பக்கமாகத் தள்ளி மேலே தூக்கி, கூரையில் இருக்கும் ஒரு கொக்கியில் மாட்ட வேண்டும். அந்தக் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. மாட்டினால் நிற்கும், எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இன்ஜினியர் அதைப் பழுது எழுதும் புத்தகத்தில் எழுதியிருந்தார். அடுத்த பெரிய சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று மேலிடம் தள்ளிப்போட்டது. புதுக் கொக்கி வாங்க சொந்தக்காரன் சம்மதிக்க வேண்டும், அவன் எங்கோ இருந்தான். அதனால் ஆட்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். கதவைத் தூக்கியதும் ஒரு மஞ்சள் நைலான் கயிற்றால் அதைக் கூரையில் ஒரு வளையத்தோடு கட்டிவிடுவார்கள். மூட்டையெல்லாம் ஏற்றி முடித்ததும் அவிழ்ப்பார்கள். கயிறு மாமாவிடம்தான் இருக்கும். அவர் போடுகிற முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும், ஆனால் எவ்வளவு எடை தொங்கினாலும் நழுவாது. யூனியன், மேனேஜர், இன்ஜினியர் எல்லாருக்கும் இந்தக் கயிறு தெரியும். நாலு மாதம் அந்தக் கயிற்றில்தான் ஓடியது விமானம்.

ஒரு புதன்கிழமை நம்பர் கொடுத்த நாட்டிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாளே நாங்கள் தரையைக் கழுவினோம், எண்ணெய்க் கறையெல்லாம் துடைத்தோம். புதன் காலை ஆறு மணிக்கு காண்டிராக்டரின் மேஸ்திரி ஆட்களை வரிசையில் நிறுத்திச் சொன்னான். கயிறு, கட்டை, துணி மூட்டை எதுவும் அதிகாரி கண்ணில் படக்கூடாது. கயிறு கட்டியிருந்தால் கொக்கி சரியில்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

மாமா கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவன் பிறகு என்னிடம் சொன்னது இது.

"கயிறு இல்லாம கதவு நிக்காது மேஸ்திரி."

"ஒரு நாள்தானே குரு. பார்த்துப் பண்ணு."

"கழுத்துல விழுந்தா நீ வந்து தூக்குவியா?"

"உன் கழுத்துக்கு அந்தக் கதவுதான் நெளியும், போய்யா."

எல்லாரும் சிரித்தார்களாம். மாமாவும் சிரித்தாராம். கயிற்றைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

எட்டரை மணிக்குக் கதவு விழுந்தது. அவர் வாசலில் மண்டியிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கீழிருந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தார். பிடரியில் விழுந்தது. நான் ஓடிப் போனபோது அவரை இறக்கிக் கீழே படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை. ஒரு ஜீப்பில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினொரு மணிக்கு அதிகாரி வந்தாராம். ரத்தம் கழுவியாகிவிட்டது. அவர் அறையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்தார், காபி குடித்தார், விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், கையெழுத்துப் போட்டார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதுகாப்பைப் பரிசோதிக்க வந்த அன்றைக்கே, அதற்காகவே ஒருவன் சாகக் கிடக்கிறான். உலகத்தில் இதைவிடக் கேவலமான பரிசோதனை இருக்க முடியாது.

மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவர் உடைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைக்குள் கயிறு அப்படியே இருந்தது.

அன்றே காண்டிராக்டர் ஒரு அறிக்கை கொடுத்தான். இறந்தவர் மது அருந்தியிருந்தார், எச்சரித்தும் கதவைச் சரியாக மாட்டவில்லை. இரண்டே வரி. மாமாவுக்கு ஒழுங்காக வேலையில் சேர்த்த சீட்டுகூடக் கிடையாது. அந்த இரண்டு வரி நின்றுவிட்டால் அக்காவுக்கு நஷ்ட ஈடு கிடையாது. அதைவிட, ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளுக்கும் அப்பன் குடித்துவிட்டுச் செத்தவன் என்று ஆகிவிடும். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கதவு கெட்டிருந்துச்சுன்னு ஒரு பேப்பர் வாங்கிக் குடுடா. பணம் குடுத்தா குடுக்கறான், குடுக்காட்டிப் போறான். அந்தப் பேப்பர் மட்டும்."

வாங்கித் தருகிறேன் என்றேன். அது பெரிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. எழுதிய புத்தகம் இருக்கிறது, எழுதிய மனிதர் இருக்கிறார்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த ஏட்டு கன்னடத்தில் எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிமிர்ந்தார். "காடி நம்பர் ஹேளப்பா" என்றார். வண்டி நம்பரைச் சொல்லச் சொல்கிறார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாலில் இருந்த எழுத்துகளை, நாட்டு எழுத்தில் தொடங்கி எஸ்.பி. வரைக்கும், ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் கையாலேயே துடைத்துப் பளபளப்பாக்குகிற எழுத்துகள். அதைவிட நிச்சயமான ஒன்று அந்த விமானத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருந்தால்தானே சொல்வேன்? அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே வக்கீல் நோட்டீசிலும் அதே எழுத்துதான் போனது. தொழிலாளர் ஆபீசில் கொடுத்த மனுவிலும் அதே எழுத்துதான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். மாமாவின் பத்தாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். கொட்டகையில் எஸ்.பி. நின்றிருந்தது. அன்றைக்கு என் வேலைச் சீட்டில் எழுத்து மாற்றம் என்று இருந்தது. விமானத்தின் சொந்தக்காரன் அதை வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றியிருந்தான். புதுச் சொந்தக்காரனுக்கு வேறு நாட்டு நம்பர் வேண்டும். ஸ்டென்சில் ஒரு மாதத்துக்கு முன்பே வெட்டி வைத்தாயிற்று. தேதியைப் பார்த்தேன், பென்சிலில் குறித்திருந்தது. மாமா உயிரோடு இருந்தபோதே முடிவான காரியம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாரும் என்னிடம் தடயத்தை அழிக்கத்தான் மாற்றினார்கள் என்பார்கள். இல்லை. அவர்கள் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. அப்படி நினைத்திருந்தால் என் மாமா அவர்கள் கணக்கில் ஒரு மனிதனாகவாவது இருந்திருப்பார்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். எஸ்.பி. போனது. வெள்ளை அடித்தேன். ஸ்டென்சில் வைத்துப் புது நாட்டு எழுத்தை அடித்தேன். கடைசி இரண்டு எழுத்து ஏ.கே. முன்கதவின் ஓரத்தில் ஆணி அடித்துப் பதித்த சின்ன எஃகுத் தகடு ஒன்று உண்டு. விமானத்தைச் செய்த தொழிற்சாலை பதித்தது. அதில் ஒரு எண் பொறித்திருக்கும். அதன்மேல் பெயின்ட் படக்கூடாது என்பது விதி. அதனால் முதலில் அதன்மேல் டேப் ஒட்டினேன். வேலை முடிந்து டேப்பைப் பிளேடால் எடுக்கும்போது கை வழுக்கி, தகட்டின் இடது மூலையில் குறுக்காக ஒரு கீறல் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். எழுத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், இந்தத் தகடுதான் விமானத்தின் பிறப்புச் சான்றிதழ், இதில் கை வைக்கலாமா என்றார். என் காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அந்த எண் என் மூக்குக்கு நேரே இருந்தது. நான் படிக்கக்கூட இல்லை.

இதைத்தான் நான் செய்தேன். மாமா செத்த விமானத்தின் பெயரை என் கையால் அழித்தேன், அன்றைக்குக் கூலியும் வாங்கினேன்.

சேலத்துக்காரர் இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். வளைகுடாவில் வேலை கிடைத்திருந்தது. போகுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொக்கி பத்தி நான் எழுதினது புக்ல இருக்குப்பா. யாரும் கிழிக்க முடியாது. ஆனா புக்கு விமானத்தோடதான் போகும். சீக்கிரம் கோர்ட்ல சொல்லி வரவழைச்சிடுங்க."

"நீங்க வந்து சொல்வீங்களா சார்?"

அவர் என் தோளைத் தட்டினார். வரமாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்துத் தொழிலாளர் ஆபீசில் எங்கள் மனு எடுக்கப்பட்டது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் எங்களுக்காக வந்தார். கம்பெனியின் பதில் ஒரு பக்கம். மனுவில் குறிப்பிட்ட எழுத்துகள் கொண்ட விமானம் எதுவும் எங்களிடம் இல்லை. இந்தியப் பதிவேட்டிலும் இல்லை. அது வெளிநாட்டுக்குச் சொந்தமான, வெளிநாட்டில் பதிவான விமானமாக இருக்கலாம், அதன் பழுதுகளுக்குச் சொந்தக்காரரையும் அந்த நாட்டையும் கேட்கவும். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

விமானம் அதற்குள் பெங்களூரை விட்டே போய்விட்டிருந்தது. கம்பெனி தள்ளாட ஆரம்பித்ததும், சேலத்துக்காரர் சொன்ன மாதிரியே ஒரு கடிதம் வந்தது, ஒரு வெளிநாட்டுப் பைலட் வந்தான், ஒரு மத்தியானம் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் தளத்தில் நின்று பார்த்தோம். புத்தகமும் அதற்குள்தான் போனது.

வக்கீல் விடவில்லை. எஸ்.பி.க்கு நம்பர் கொடுத்த நாட்டுக்கும் ஏ.கே.க்கு நம்பர் கொடுத்த நாட்டுக்கும் ஒவ்வொரு கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து எஸ்.பி. நாட்டிலிருந்து மட்டும் பதில் வந்தது. நல்ல கனமான தாள், மேலே முத்திரை. நீங்கள் குறிப்பிட்ட எழுத்துகள் எங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன, இப்போது அவை வேறொரு விமானத்துக்கு வழங்கப்பட்டுள்ளன. முந்தைய விமானத்தைப் பற்றிய விவரம் வேண்டுமானால் அதன் தகட்டு எண்ணைத் தெரிவிக்கவும்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதென்னய்யா தகட்டு எண்?"

நான் சொன்னேன். கதவோரம், எஃகுத் தகடு, டேப் ஒட்டினேன் என்றேன்.

"நீயேவா ஒட்டின?"

"ஆமா சார்."

"நம்பர் என்ன?"

"படிக்கல சார்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பெனி அதற்குள் மூடிவிட்டது, அதன் காகிதங்கள் எல்லாம் பூட்டி சீல் வைத்த அறையில் இருந்தன. யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு வாய்தாவுக்கு வக்கீல் வந்தார். பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மூன்றாவது வாய்தாவுக்கு யாரும் போகவில்லை. மனு தள்ளுபடி. காண்டிராக்டரின் இரண்டு வரி மட்டும் கோப்பில் நின்றது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். தகட்டைப் பற்றியும் சொன்னேன். மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நீ தினம் பார்க்கற எழுத்தைத்தானே சொன்ன" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கார்மெண்ட் கம்பெனியில் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் கயிற்றை வாசலில் துணிக்கொடியாகக் கட்டினாள். எனக்கு அது பொறுக்கவில்லை, வேறு கயிறு வாங்கித் தருகிறேன் என்றேன். நல்ல கயிறு, இதை எதுக்கு வீணாக்கணும் என்றாள்.

எட்டு ஒன்பது வருடம் ஓடியது. ஊர் மாறியது. எங்கள் சந்தைத் தாண்டி நாலு தெருவில் கம்ப்யூட்டர் பையன்கள் வாடகைக்கு வந்தார்கள். நான் அதே பழைய விமான நிலையத்தில் வேறொரு கம்பெனிக்கு வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு சரக்கு விமானம் வந்து நின்றது. ஜன்னல்களையெல்லாம் அடைத்து முழுக்க வெள்ளை அடித்த பழைய விமானம். வாலில் நான் கேள்விப்படாத ஒரு நாட்டு எழுத்து. அதன் அருகே நிறுத்தும் ஏணி வண்டியில் பெயின்ட் உரிந்துவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். ஏணியில் ஏறினேன். மேலே போய் முன்கதவின் ஓரத்தைப் பார்த்தேன். எந்த விமானத்தின் பக்கத்தில் போனாலும் நான் அந்த இடத்தைப் பார்ப்பேன், வருடக்கணக்கில் அப்படித்தான்.

தகட்டின் இடது மூலையில் குறுக்காகக் கீறல்.

பாக்கெட்டிலிருந்த பென்சிலால், கையிலிருந்த உப்புத்தாளின் பின்பக்கத்தில் அந்த எண்ணை எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். கீழே இறங்கி அடிவயிற்று அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. யாரும் கயிறு கட்டியிருக்கவில்லை. தலையை உள்ளே நீட்டாமல் ஓரமாக நின்று மேலே பார்த்தேன். கொக்கி புதிது. பழைய கொக்கி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகடு வைத்து, ஆணி அடித்து, வேறு மாதிரிக் கொக்கி போட்டிருந்தார்கள். நன்றாகச் செய்திருந்தார்கள். கையை மட்டும் நீட்டி ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த நாள் லீவு போட்டு அல்சூருக்குப் போனேன். வக்கீலின் மாடியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் கடை இருந்தது. அவர் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்றார்கள். தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா எண்ணை வாங்கிப் பார்த்தான், உப்புத்தாளைத் திருப்பியும் பார்த்தான். தள்ளுபடியான கோப்பு, இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று கன்னடத்தில் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். நான் வெளியே வந்து பிரேசர் டவுன் வரைக்கும் நடந்தேன், எதற்கு நடந்தேன் என்று தெரியாது. பிறகு ஒரு பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவள் வேலை முடிந்து வந்து துணியெடுத்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். கொக்கியைப் பற்றிச் சொன்னதும் நின்றாள்.

"புதுசா போட்டிருக்காங்களா?"

"ஆமாக்கா."

"சும்மா போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. பழசு கெட்டுப்போச்சுன்னு யாராவது எழுதி, இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டாத்தான் மாத்துவாங்க."

"அப்ப எவனோ எழுதியிருக்கான்."

"எழுதியிருக்கான்."

"எந்த ஊர்லடா?"

"தெரியலக்கா. எத்தனை ஊர் சுத்துச்சோ."

அவள் கயிற்றைப் பார்த்தாள். வெயிலில் வெளுத்து அது மஞ்சளாகவே இல்லை. "கெட்டிருந்துச்சுன்னு எழுதினவன் எந்த நாட்டுக்காரன்னு தெரியாது. குடிச்சிருந்தாருன்னு எழுதினவன் இந்த ஊர்க்காரன். நம்மகூடத் தமிழ்ல பேசினவன். இன்னும் இங்கதான் இருக்கான்" என்றாள்.

நாட்டுக்கு நாடு நம்பர் மாற்றுகிறவனைத் திட்டித்தான் நான் இத்தனை வருடம் ஓட்டினேன். அந்த இரண்டு வரியை எழுத யாருக்கும் வெளிநாடு தேவைப்படவில்லை.

அக்கா என்னிடமிருந்து உப்புத்தாளை வாங்கினாள். சொரசொரப்பான பக்கம் உள்ளே போகும்படி மடித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரில் வைத்தாள். பெரியவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள், அப்போது இதைக் காட்டி நீயே சொல்லு என்றாள். வந்தார்கள். கேட்டார்கள். அந்த உப்புத்தாளை விரித்து வைத்து, எஸ்.பி.யில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.